ஐந்து என்று எழுதியது நான்தான்

எங்கள் தெருவில் ஒரு வேனும் ஒரு முச்சக்கரவண்டியும் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அவ்வளவு ஒடுக்கமான தெரு. ஆனாலும் பொருளாதார நெருக்கடி வந்த வருடத்து மின்வெட்டு அட்டவணையில் நாங்கள் ஓர் எழுத்துப் பிரிவு, எதிர்ப்பக்கம் வேறோர் எழுத்துப் பிரிவு. எங்கள் பக்கம் அணைகிற நேரத்தில் அவர்கள் பக்கம் எரியும், அவர்களுக்கு அணையும்போது எங்களுக்கு வரும். மாத்தளை நகரத்தில் எத்தனையோ தெருக்கள் இருக்க, இந்த யோகம் எங்கள் தெருவுக்கு அடித்தது.

எதிர் வீட்டில் ஒரு முஸ்லிம் தம்பதி; அண்ணன், அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிற சொற்களிலேயே நானா, ராத்தா என்று கூப்பிடுவோம். நானாவுக்குக் கடைத்தெருவில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வியாபாரம். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு இருவரும் தனியாக ஒரு பெரிய வீட்டைக் காவல் காத்தார்கள். இந்தப் பக்கம் நானும் என் மனைவியும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கூரை போடாத ஒரு பின்னறைதான் இருந்தது, அதற்குத் தகரம் வாங்குவதைப் பற்றி மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் இருவரும் ஒரே பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். வேலையில்லாப் பட்டதாரிகள் வீதியில் உட்கார்ந்து போட்ட சத்தம் தாங்காமல் அரசாங்கம் உண்டாக்கிய பதவி அது. பதவியை உண்டாக்கியவர்கள் மேசையை மறந்துவிட்டார்கள். ஒரு மேசைக்கு இரண்டு பேர் என்று உட்கார வைத்தார்கள். எல்கடுவ தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு வந்த எனக்குக் கிடைத்தது அரை மேசை. மற்ற அரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். முதல் வாரம் முழுவதும் என் பேனாவை எடுத்து எழுதிவிட்டு, எட்டாம் நாள், "இது உங்களுதா?" என்று கேட்டாள். பிறகு கல்யாணம். அரசாங்கம் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் மேசை தராமல் விட்டதுதான் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

மின்வெட்டு தொடங்கிய பிறகுதான் படம் பார்க்கிற பழக்கம் வந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடையை மூடிக்கொண்டிருந்த டிவிடிக்காரரிடம் அவள் ஒரு பென் டிரைவ் நிறையப் பழைய அமெரிக்கப் படங்களை ஏற்றிக்கொண்டு வந்தாள். எல்லாம் கறுப்பு வெள்ளை. எல்லாம் அந்த நாட்டில் பெரிய பொருளாதார மந்தம் நடந்த காலத்துப் படங்கள். ஏன் இதைப் போய் வாங்கினாய் என்று கேட்டேன். அவளிடம் தெளிவான பதில் இருந்தது.

"நம்ம படம் ரெண்டரை மணித்தியாலம். பாதியில கரண்ட் போயிரும். இது ஒண்ணேகால் மணித்தியாலத்துல முடிஞ்சிரும்."

முடியவில்லை. சமையல், அலுவலக வேலை, எரிவாயு வரிசையில் நின்ற அலுப்பு எல்லாம் முடிந்து உட்காரும்போது அரை மணித்தியாலம்தான் மிச்சம் இருக்கும். படம் நடுவில் நிற்கும். முதல் நாள் அப்படி நின்றபோது நானா தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

"என்ன தம்பி, ஒங்கட போயிட்டா? எங்கட இப்பதான் வந்திச்சு. இங்க வாங்களே."

பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போனோம். எதிர் வீட்டில் இரண்டு கதிரைதான் சரியாக இருந்தது. அதனால் எங்கள் கதிரைகளையும் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தோம். மறுநாள் அவர்கள் பக்கம் அணைந்தபோது நானாவும் ராத்தாவும் கதிரையோடு இங்கே வந்தார்கள். அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. படத்தின் ஒரு பாதி இங்கே, மறு பாதி அங்கே. நாலு பேர் தலையில் கதிரையோடு தெருவைக் கடக்கும்போது முச்சக்கரவண்டிகள் ஹார்ன் அடிக்காமல் நின்றன. கலியாண வீடு என்று நினைத்திருப்பார்கள்.

படத்தில் அவர்கள் பேசுவது எங்கள் மூவருக்கும் புரியாது. கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை அவள் வாசித்து, உடனுக்குடன் தமிழில் சொல்வாள். சும்மா சொல்ல மாட்டாள். கதாநாயகிக்கு ஒரு குரல், வீட்டுச் சொந்தக்காரிக்கு ஒரு குரல், பொலிஸ்காரனுக்கு எங்கள் பிரதேச செயலாளருடைய குரல். நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அந்தப் படங்களில் இரண்டு விதம் இருந்தது. ஒன்றில் ஆட்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள், சரக்கு ரயிலின் மேல் ஏறி வேலை தேடி ஊர் ஊராகப் போனார்கள். மற்றதில் பளபளக்கிற நீளக் கவுன் போட்ட பெண்கள் வெள்ளைப் படிக்கட்டில் இறங்கி இறங்கி ஆடினார்கள். ராத்தாவுக்கு அதுதான் புரியவில்லை.

"சாப்பாட்டுக்கு வழியில்லாத நேரத்துல இவ்வளவு துணி எங்கால வந்திச்சு?"

"அதனாலதான் ராத்தா," என்றாள் என் மனைவி. "கண்ணாலயாவது பாத்துக்கிட்டுப் போகட்டும்னு எடுத்திருக்காங்க."

"அப்ப அவங்களுக்கும் போலிமதான்," என்றார் நானா. வரிசைக்கு எங்கள் ஊரில் எல்லா இனத்தவரும் சொல்கிற சிங்களச் சொல் அது. அன்றைக்கு அவர் டீசல் வரிசையிலிருந்து வந்திருந்தார். அமெரிக்கர்கள் வரிசையில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதே பென் டிரைவில் அந்தக் காலத்தைப் பற்றிய ஒரு விவரணப் படமும் இருந்தது. அவர்களுடைய ஜனாதிபதி வானொலியில் வந்து, வங்கி ஏன் மூடிக் கிடக்கிறது, பணத்துக்கு என்ன ஆகும் என்று வீட்டு ஆள் மாதிரி விளக்கிச் சொன்னாராம். வேலையில்லாத இளைஞர்களை முகாம்களில் சேர்த்து மரம் நட வைத்தார்களாம். பாலம் கட்டினார்களாம், பள்ளிக்கூடம் கட்டினார்களாம். நாடகக்காரருக்கும் ஓவியம் வரைபவருக்கும் எழுதுகிறவருக்கும்கூட அரசாங்கம் சம்பளம் கொடுத்ததாம். தபால் கந்தோர்ச் சுவரில் படம் வரைகிறவர் ஒருவரைக் காட்டினார்கள்.

"எங்கட அரசாங்கமும் வெள்ளிக்கிழமை லீவு தந்து தோட்டம் போடச் சொல்லிச்சு தானே," என்றார் நானா. "தங்கச்சி மரவள்ளி நட்டிரிக்கி. அவங்க மரம், நாங்க மரவள்ளி. என்ன வித்தியாசம்?"

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் உள்ளே எரிச்சல். அந்த வாரம்தான் எங்கள் அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகலாம், ஐந்து வருடம் வரை போகலாம், பதவி மூப்பு பாதிக்கப்படாது. அவர்களுக்குக் கஷ்டம் வந்தபோது அரசாங்கம் ஆட்களை வேலைக்குக் கூப்பிட்டது, எங்களுக்கு வந்தபோது போய்வா என்று கதவைத் திறந்துவிட்டது என்று நான் பொரிந்து தள்ளினேன். கோபத்தில் சொன்னேனே தவிர, நியாயம் பார்த்தால் எங்கள் அரசாங்கத்திடம் பரீட்சைத் தாள் அச்சடிக்கவே காகிதம் இல்லை. இருப்பதை வைத்து அவர்களும் ஏதோ செய்தார்கள். ஆனால் அந்தச் சுற்றறிக்கையை அவள் இரண்டு தடவை வாசித்ததை நான் பார்த்துவிட்டேன். அதுதான் என் எரிச்சலுக்குக் காரணம்.

அவளுடைய தோழி ஒருத்தி துபாயில் இருந்தாள். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவுக்குப் பொறுப்பாக ஆள் தேவை என்றாள். எங்கள் இருவரின் சம்பளமும் மாதத்தின் நடுவிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம். பின்னறைக்குள் மழை பெய்தது. போக வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை. நீ இல்லாமல் எனக்கு இருக்க முடியாது என்பதை ஒரு காரணமாக அப்போது நான் எண்ணவில்லை.

வேடிக்கை என்னவென்றால், விடுமுறை விண்ணப்பங்களைப் பார்க்கும் தாபனக் கிளைக்கு என்னைத்தான் அப்போது மாற்றியிருந்தார்கள், மேசை மட்டும் மாறவில்லை. அவளுடைய படிவத்தை நானே நிரப்பினேன். பெயர், பதவி, நியமனத் திகதி எல்லாம் எழுதி, 'கோரும் காலம்' என்ற கட்டத்துக்கு வந்தேன்.

"ரெண்டு வருஷம் போடுங்க," என்றாள்.

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு. எதைக் கேட்டாலும் கூட்டிக் கேட்பது. நாலு கதிரை தேவை என்றால் எட்டு என்று எழுதுவோம். குறைத்துக் கொடுப்பது மேலிடத்தின் வேலை, கூட்டிக் கேட்பது நம் வேலை. அந்தக் கைப்பழக்கத்தில் நான் ஐந்து என்று எழுதினேன்.

"அஞ்சு போட்டா இடையில எப்ப வேணும்னாலும் வந்துரலாம். ரெண்டு போட்டு, பத்தாமப் போனா மறுபடியும் ஒரு ஃபைல் தெறக்கணும். யாரு அலையறது?" என்றேன்.

அவள் அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி," என்று கையெழுத்துப் போட்டாள். கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை பார்த்துவிட்டேன் என்ற திருப்தியோடு நான் அன்றைக்குத் தேநீர் குடித்தேன்.

அவள் போவதற்கு முதல் வாரம் ஒரு படம் தொடங்கினோம். நகரத்துக் கடையொன்றில் பொத்தான் விற்கிற ஒரு பெண். அவளுடைய ஆளுக்கு வேலை போய்விடுகிறது. அவன் அரசாங்கத்து முகாமில் சேர்ந்து மலைப்பக்கம் மரம் நடப் போகிறான். அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பார்க்கிறாள். கடைசிக் கால் மணித்தியாலம் இருக்கும்போது எங்கள் பக்கம் அணைந்தது. கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் எதிர்ப்பக்கமும் இருட்டு. எங்கோ ஏதோ பழுதாம். நாலு பேரும் தெருவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவன் வருவானா மாட்டானா என்று பேசினோம். வருவான் என்றார் நானா. இன்னொருத்தியைக் கட்டியிருப்பான் என்றார் ராத்தா. அந்த வாரம் முழுவதும் பயணச் சோலியில் போய்விட்டது. அவள் புறப்படுகிற அன்று, "நான் வந்து முடிவு சொல்றேன், யாரும் பாக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.

மின்வெட்டு நின்றது. வரிசைகள் போயின. நானாவும் ராத்தாவும் கதிரையோடு வருவதற்கு அவசியம் இல்லாமல் போனது. ஒருநாள் மனம் கேளாமல் நானே இன்னொரு படத்தைப் போட்டு, எழுத்தை வாசித்து அவர்களுக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். நானா பத்து நிமிடம் பொறுமையாக இருந்தார்.

"தம்பி, கோவிக்க வேணாம். நீங்க சுற்றறிக்கை வாசிக்கிற மாதிரி வாசிக்கிறீங்க."

அத்தோடு பென் டிரைவை அலமாரியில் வைத்துவிட்டேன்.

துபாயில் நேரம் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். நான் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது அவள் வேலை முடிந்து வருவாள். தொலைபேசியில் முகம் தெரியும். பின்னால் மடித்து அடுக்கிய வெள்ளைப் படுக்கை விரிப்புகள் தெரியும். பின்னறைக்குக் கூரை போட்டேன், மஞ்சள் நிறத்தில் சுவருக்கு வண்ணம் அடித்தேன், எல்லாவற்றையும் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். அலுவலகத்தில் என் மேசை இப்போது முழு மேசை. அவளுடைய பாதியில் நான் எதையும் வைப்பதில்லை. யாராவது கோவை, ஃபைல் என்று கொண்டுவந்து வைத்தால் எடுத்து என் பக்கம் வைத்துவிடுவேன். ஏன் என்று கேட்டவர்களிடம் கடுகடுத்திருக்கிறேன்.

இரண்டு வருடம் முடிந்தபோது கேட்டேன். நேராகக் கேட்கவில்லை. "ரெண்டு வருஷம் ஆச்சே," என்றேன்.

"ஆமா. இன்னும் மூணு இருக்கே," என்றாள். பிறகு, "நீங்கதானே அஞ்சு போட்டீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. வானிலை சொல்வது போலச் சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் எழுதிய ஐந்தை அவள் அலுவலகப் பழக்கமாக வாசிக்கவில்லை. இவனுக்கு நான் ஐந்து வருடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை போலும் என்று வாசித்திருக்கிறாள். அப்படி இல்லை என்று அந்த நேரமே சொல்லியிருக்கலாம். நான் மரவள்ளிக் கிழங்கு பற்றி ஏதோ பேசினேன்.

இந்த வருடம், போன நாலாவது வருடத்தில், மூன்று வார விடுமுறையில் வந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். வீட்டில் கரண்டி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். இரண்டாம் நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"மேனேஜர் அஞ்சு வருஷம் முடிஞ்சும் இருக்கச் சொல்றாரு. இன்னும் மூணு வருஷம். லீவை நீட்டித் தரச் சொல்லி ஆபீசுக்கு ஒரு லெட்டர் போட்டுப் பாக்கலாமாம்."

"நீ என்ன சொன்னே?"

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்னேன்." சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"நல்ல இடம்தானே," என்றேன்.

என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும். அவள் கரண்டியைப் பானைக்குள் வைத்தாள். "அப்ப நீங்களே எழுதித் தாங்க," என்றாள். எழுதினேன். அலுவலகத்துக் காகிதத்தில், அலுவலகத் தமிழில், நீடிப்பு எத்தனை வருடம் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு எழுதி, வீட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். நாளைக்கு முடிக்கிறேன், நாளைக்கு முடிக்கிறேன் என்று மூன்று வாரத்தை ஓட்டினேன். ஒவ்வொரு காலையும் சொல்லிவிட வேண்டும் என்று எழும்புவேன். பல் விளக்குவதற்குள் தைரியம் போய்விடும். அங்கே அவளுக்குக் கீழே இருபது பேர் வேலை செய்கிறார்கள். இங்கே அவளுக்கு அரை மேசை. எந்த முகத்தோடு வா என்பேன்?

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் அவளே பென் டிரைவைத் தேடி எடுத்தாள். "முடிவு பாக்காமப் போறதா?" என்றாள். நானாவையும் ராத்தாவையும் கூப்பிட்டோம். வயது ஏறியதால் வெறுங்கையோடு வந்தார்கள். விட்ட இடத்திலிருந்து படத்தைப் போட்டு, அதே குரல்களில் அவள் சொல்லத் தொடங்கினாள். பொத்தான் விற்கிற பெண் மறுபடியும் ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டாள். எனக்குத் தாங்கவில்லை. இந்தக் கால் மணித்தியாலம் முடிந்துவிட்டால் இவள் திரும்பி வந்து முடிப்பதற்கு இந்த வீட்டில் ஒன்றும் மிச்சம் இருக்காது. தேநீர் வைக்கப் போவதாக எழுந்து, பின்பக்கம் போய் மெயின் சுவிட்சைக் கீழே தட்டினேன்.

வீடு இருண்டது. "கரண்ட் போயிருச்சு," என்று நானே அறிவித்தேன். "இப்ப வராது. ட்ரான்ஸ்போமர்ல ஏதோ."

ஜன்னல் வழியாக எதிர் வீட்டு வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. தெரு முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. அவள் எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டாள்.

"அங்க இருக்கு தானே, வாங்க," என்றாள்.

மறுபடியும் தெருவைக் கடந்தோம். நான் இரண்டு கதிரை தூக்கினேன்.

முடிவு இதுதான். ரயில் வருகிறது, எல்லோரும் இறங்குகிறார்கள், அவன் இறங்கவில்லை. அவள் வெறும் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். பிறகு கைப்பையைத் திறந்து பார்த்து, பயணச்சீட்டு விற்கிற ஜன்னலுக்கு ஓடி, புறப்படுகிற ரயிலில் தானே ஏறிவிடுகிறாள். மலையில் மரக்கன்றோடு குனிந்திருக்கிறவன் நிமிர்ந்து பார்க்கிறான். அவ்வளவுதான்.

"இதை முதல் சனிக்கிழமையே செஞ்சிருக்கலாமே," என்றார் நானா. "சும்மா போய்ப் போய்ப் பாத்துட்டு வந்திருக்கா."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் காது சுட்டது. திரும்பி வரும்போது தெரு நடுவில் கதிரைகளை இறக்கி வைத்தேன்.

"மெயினை நான்தான் அணைச்சேன்."

"தெரியும்."

"படம் முடிஞ்சா நீ போயிருவே."

"படம் முடியாட்டியும் நாளைக்கு ஃப்ளைட்."

"நான் அதைச் சொல்லல." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "அந்த அஞ்சு சும்மா எழுதினது. எட்டுக் கதிரை கேக்கிற மாதிரி எழுதினது. எனக்கு ஒரு வருஷம்கூட வேணாம்னுதான் இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு. நீ இங்க இருக்கணும்."

ஒரு முச்சக்கரவண்டி வந்து, எங்களையும் கதிரைகளையும் பார்த்து, பொறுமையாக நின்றது. அவள் ஒரு கதிரையை எடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மறுநாள் வேனில் ஏறும்போது என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள், அதற்கும் மேல் ஒன்றும் இல்லை. நானா ஒரு பொட்டலம் கராம்பைக் கொடுத்தனுப்பினார்.

வேன் போன பிறகு வீட்டுக்குள் வர மனம் இல்லாமல் நேரே அலுவலகம் போய், அங்கிருந்து தாமதமாக வந்து, இழுப்பறையைத் திறந்தேன். நான் எழுதிய கடிதம் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. அதன் மேல் அவளுடைய கையெழுத்தில் ஒரு புதுக் கடிதம். முறைப்படி, யார் கை வழியாகப் போக வேண்டும் என்பதற்கு 'ஊடாக' என்று போட்டு என் பதவியையும் எழுதியிருந்தாள். எனது சம்பளமற்ற விடுமுறைக்கு நீடிப்பு எதுவும் தேவைப்படாது என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன். தற்போதைய ஒப்பந்தத்தில் எஞ்சியுள்ள ஏழு மாதங்கள் நிறைவடைந்ததும் மீண்டும் கடமையேற்பேன். நான் பயன்படுத்திய மேசையை எனக்கே ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கீழே, ஓரத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு வரி: 'ஏழுதான். கூட்டி எழுத வேண்டாம்.'

மறுநாள் காலை அலுவலகத்தில் 'கிடைக்கப் பெற்றது' முத்திரையை எடுத்து, திகதியைச் சரியாகத் திருப்பி வைத்து, அந்தக் கடிதத்தின் தலையில் குத்தினேன். கொஞ்சம் சரிந்து விழுந்துவிட்டது. அப்படியே கோவையில் போட்டேன்.